சாட்சியை இழுத்துக்கொண்டு போன கரி லாரி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, எஞ்சினைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஓட்டிய லாரிகளை இன்று காயலான் கடையில்கூடப் பார்க்க முடியாது. ஆனால் நின்றுபோன காரை இழுத்துப் போகும் வேலை மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். முன்னே ஒரு மனிதன், பின்னே ஒரு மனிதன், நடுவே ஓர் இரும்பு. இரும்பைப் பற்றி உங்கள் மேஸ்திரி சொல்லுவார். அந்த இரண்டு மனிதர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்று. லாரிக்கு வந்த புதிதில், அயோத்தியாப்பட்டணத்தில் நின்றுபோன ஒரு ஜவுளி வியாபாரியின் காரை நார்வடத்தில் கட்டிச் சேலத்துக்கு இழுத்து வந்தேன். வியாபாரியே பின்னால் ஸ்டியரிங்கில் இருந்தார். மேடு ஏறும்வரை எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். இறக்கம் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், கார் குறைக்கவில்லை. வடத்துக்கு இழுக்கத் தெரியும், தள்ளிப் பிடிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. காரின் இரண்டு விளக்கும் என் லாரியின் பின்பலகையில் மோதி நொறுங்கின. வியாபாரி இறங்கி வந்து, கண்ணாடித் தூளைக் காலால் ஒதுக்கிவிட்டு, "விடு தம்பி, பகல்லதானே வீட்டுக்குப் போறோம், விளக்கு எதுக்கு?" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் எங்கள் முதலாளி லாரிக்குக் கரி கேஸ் அடுப்பு வைத்தார். கரி புகைந்து வரும் கேஸில்தான் எஞ்சின் ஓடும். முதலில் அந்த அடுப்பு தனியாக இரண்டு சக்கரத்தில் லாரிக்குப் பின்னால் வந்தது. அதை மாட்டுவதற்காக லாரியின் வாலில் ஒரு இரும்புக் குண்டு, அடுப்பு வண்டியின் மூக்கில் அதன்மேல் கவிழும் ஒரு கிண்ணம். சில மாதங்களில் அடுப்பை லாரியின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். குண்டு மட்டும் வாலில் தங்கிவிட்டது. எங்கள் பட்டறைக்காரர் நீளமான ஒரு இரும்புத் தண்டு அடித்து, அதன் ஒரு முனையில் அந்தக் கிண்ணத்தை வைத்துக் கொடுத்தார். மறுமுனையைக் காரின் முன் அச்சில் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். வளைவில் கிண்ணம் குண்டின்மேல் சுழலும். இறக்கத்தில் தண்டு காரைத் தள்ளிப் பிடிக்கும். கிண்ணம் மேலே எழும்பாமல் அடியில் ஒரு தாழ், அந்தத் தாழ் விழாமல் விரல் நீளத்தில் ஓர் ஊசி. எல்லாம் கைவிட்டால் கடைசித் துணைக்கு ஒரு சங்கிலி. இதற்குமேல் இரும்பைப் பற்றிப் பேச மாட்டேன்.

அன்று காலை சேந்தமங்கலத்தில் கரி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். ராசிபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கறுப்புக் கார் ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தபடி மரவேரில் உட்கார்ந்திருந்தார். கூட முப்பது வயதில் ஒருவர், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மா நடுரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க பாய், சேலத்துக்குங்களா?"

"ஆமாங்கம்மா. டிரைவர் எங்கே?"

"வாடகைக் காருங்க. எஞ்சினைக் கிளப்ப டிரைவரு ஹேண்டில் போட்டாரு. அது திருப்பி அடிச்சு மணிக்கட்டு வீங்கிப்போச்சு. கட்டுப் போட்டுட்டு வரச் சொல்லி மாட்டுவண்டில ஏத்தி அனுப்பிட்டேன். நான் பதினோரு மணிக்குக் கோர்ட்டுல நிக்கோணும்."

எஞ்சினைப் பார்த்தேன். ரோட்டில் வைத்துச் சரிசெய்கிற கோளாறு இல்லை. "நீங்க லாரியில ஏறிக்கங்கம்மா. இவர் காருக்குக் காவலா இருக்கட்டும்" என்றேன். யுத்த காலத்தில் ஆளில்லாத காரை ரோட்டில் விட்டால் திரும்பி வரும்போது டயர் நான்கும் இருக்காது.

"அவனும் வரோணுமுங்க" என்றார் அந்த அம்மா. ஏனென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்படியானால் காரையும் இழுத்துத்தான் போக வேண்டும். தண்டை எடுத்துப் போட்டு, அச்சில் போல்ட் முடுக்கும்போதே விஷயத்தைச் சொன்னார். பெயர் பழனியம்மாள். கணவர் போய் இரண்டு வருஷம். அவர் உயிரோடிருந்தபோதே கிணற்றையும் அதைச் சுற்றியிருந்த வெள்ளாமைக் காட்டையும் தனக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாக ஒருவர் பத்திரம் காட்டுகிறார். அந்தப் பத்திரத்தில் இருக்கும் நாளில் கணவர் கை அசைக்க முடியாமல் காய்ச்சலில் கிடந்தார். அதைக் கோர்ட்டில் சொல்லத்தான் இந்த அம்மா போகிறார். வாய்தா இரண்டு முறை தள்ளியாகிவிட்டது. இன்றைக்கும் ஆள் வராவிட்டால் இனித் தள்ள மாட்டேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

"எதிராளி வெளியாளுங்களாம்மா?"

பழனியம்மாள் கூட வந்தவரைக் கையால் காட்டினார். "இது எங்க கொழுந்தனாரு, சின்னச்சாமி. எதிராளி இவனோட மச்சானுங்க. இவன் பொண்டாட்டிகூடப் பொறந்தவன்."

சின்னச்சாமி குனிந்து செருப்பைப் பார்த்தார். என் மனதில் அங்கேயே ஒரு முள் விழுந்தது. இவரைக் கண் பார்வையிலிருந்து விடக்கூடாது என்றுதான் அந்த அம்மா கூடவே கூட்டிப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கார் ஓட்டத் தெரியுமாங்க?" என்று சின்னச்சாமியைக் கேட்டேன்.

அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓ, தெரியுமே!" என்றார்.

"அப்ப ஸ்டியரிங்ல உக்காருங்க. லாரியின் வாலைப் பார்த்து ஓட்டினாப் போதும். பிரேக்கை நான் கை காட்டினா மட்டும்தான் மிதிக்கணும். ஏதாவது சரியில்லைன்னா ஹாரனை அழுத்துங்க." அந்தக் காரில் கதவோரம் ரப்பர்க் குமிழ் ஹாரன் இருந்தது. எஞ்சின் செத்தாலும் அது சாகாது.

புறப்பட்டோம். சமதரையில் கரி லாரி நன்றாகத்தான் போனது. மல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன மேடு. நான் நூறு தடவை ஏறிய மேடு. அன்றைக்கு லாரி பாதியில் மூச்சு வாங்கியது. முக்கியது, இருமியது, நின்றே விட்டது. அடுப்பில் கோளாறு என்று நினைத்து இறங்கினேன். மூக்கில் வேறு நாற்றம் அடித்தது. பிரேக் கருகும் நாற்றம். காரின் சக்கரத்தில் எச்சிலைத் தொட்டு வைத்தேன். சுர்ரென்றது.

"பிரேக்கை மிதிச்சீங்களா?"

"இல்லீங்க பாய்."

"சக்கரம் அடுப்பா கொதிக்குது!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தார். கை எடுக்கவேயில்லை.

முள் இப்போது ஆழமாக இறங்கிவிட்டது. மச்சானுக்காக வழியில் நேரத்தைக் கடத்துகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று மூடிக்கொண்டேன். அந்தக் கோபத்தோடேயே போய்த் தாழைத் திறந்து குண்டைப் பார்த்தேன், கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தேன், தாழை மூடினேன். அடுப்பைக் கிளறிவிட்டு, அதற்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுற்றி, லாரியை மறுபடி உயிர்ப்பிக்கக் கால்மணிக்கு மேல் போய்விட்டது. பின் இருக்கையில் பழனியம்மாள் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

மேடு தாண்டி ஒரு பள்ளம், அதில் ஒரு சின்னப் பாலம். பாலத்தில் லாரியின் பின்சக்கரம் தூக்கிப் போட்டதுதான் தாமதம், "பாம்! பாம்! பாம்!" என்று பின்னாலிருந்து ஹாரன் கதறியது. மெதுவாக, மிக மெதுவாக நிறுத்தினேன். திடீரென்று நிறுத்தாமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம்.

இறங்கிப் பார்த்தேன். தாழ் தொங்கிக்கொண்டிருந்தது. கிண்ணம் குண்டின்மேல் பாதி எழும்பி விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது. சங்கிலி மட்டும் விறைத்துப் பிடித்திருந்தது. தாழில் ஊசி இல்லை! பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் ஆழத்துக்குப் பள்ளம். இன்னொரு குழியில் விழுந்திருந்தால் தண்டு கழன்று தரையில் குத்தி, கார் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹாரன் அடித்தது சின்னச்சாமி இல்லை. அவர் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. தண்டு குதிப்பதைப் பார்த்துவிட்டுப் பழனியம்மாள்தான் பின் இருக்கையிலிருந்து எட்டி அடித்திருந்தார்.

நான் நேராகச் சின்னச்சாமியிடம் போனேன். "இந்த ஊசியில கை வெச்சது யாருங்க?"

அவர் விழித்தார்.

"கோர்ட்டுக்குப் போறது பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடலாமுல்ல? அண்ணி உசிரோட விளையாடறதா?"

சின்னச்சாமி இல்லையென்று தலையை ஆட்டினார். பழனியம்மாள் காரிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"பாய்."

"என்னங்கம்மா?"

"உங்க காதுல சொருகியிருக்கறது என்னங்க?"

தொட்டுப் பார்த்தேன். பாதி பிடித்த பீடியைச் செருகுகிற இடத்தில் ஊசி இருந்தது. மேட்டில் தாழைத் திறந்தபோது உருவிக் காதில் வைத்தவன் நான். கோபத்தில் திருப்பிப் போட மறந்தவனும் நான்.

தம்பிகளே, பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று அன்றைக்கு நினைத்தேன். "மன்னிச்சுக்கங்க" என்று சின்னச்சாமியின் கையைப் பிடித்தேன். அந்தக் கை ஐஸ்கட்டி போலிருந்தது. "பரவால்லீங்க பாய்" என்றார். பழனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. வழக்கு தோற்றுப்போகப்போகிற நேரத்திலும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பாருங்கள்.

கிண்ணத்தை உட்கார வைத்துத் தாழை மூடி, ஊசியைப் போட்டு, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். நேரம் பத்தைத் தாண்டிவிட்டது. காரைக் கழற்றி விடுவதற்கும் போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும், அதற்கும் நேரமில்லை. ஆனால் சின்னச்சாமி மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கோர்ட்டு போய்ச் சேர மாட்டோம். இதை எப்படிச் சொல்வது? இப்போதுதான் அந்த மனிதரைத் திருடனாக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

என் தவிப்பைப் புரிந்துகொண்டது போலப் பழனியம்மாள் சொன்னார்: "நான் புடிக்கிறேனுங்க."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமாங்கம்மா?"

"தெரியாதுங்க. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க."

இரண்டு நிமிஷத்தில் சொன்னேன். அந்த அம்மா அதைத் தன் வார்த்தையில் எனக்கே திருப்பிச் சொன்னார். "உங்க வண்டியோட நடுப்பலகை என் மூக்குக்கு நேரா இருக்கோணும். வளையும்போது உங்க பின்சக்கரம் போன தடத்துலயே நானும் போகோணும். நீங்க கை நீட்டுனா பிரேக்கை மெல்ல அமுத்தோணும், எடுத்தா எடுத்துரோணும். இல்லாட்டிக் காலைத் தரையில வெச்சுக்கோணும். சரிதானுங்களா?"

"சரிங்கம்மா. பயமா இருந்தா..."

"பாய், அவரு போனதுக்கப்புறம் ரண்டு வருசமா எங்க கெணத்துல மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறைக்கறது நானுங்க. மாடு முன்னால இழுக்கறப்ப வடம் எப்ப வெறைக்கும், எப்ப தொங்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? ஏறுங்க, நேரமாச்சு."

சின்னச்சாமி என் பக்கத்தில் லாரியில் ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு பின்னால் ஒரு கார் வருகிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. இழுப்பு இல்லை, குலுக்கல் இல்லை. நான் வேகம் குறைக்கக் கை நீட்டினால் தண்டு பட்டுப்போல ஒத்துக்கொண்டது. தேர்ந்த டிரைவர்கள் பலரை நான் பின்னால் கட்டி இழுத்திருக்கிறேன். தனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் செய்கிற சேட்டை எதுவும் அந்த அம்மாவிடம் இல்லை.

ஒரு மைல் தூரம் போனதும் சின்னச்சாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாய், எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க."

"என்னது?"

"ஸ்டியரிங்கைத் தொட்டதே இன்னிக்குத்தானுங்க. காலுக்கடியில எது பிரேக்குன்னுகூட நெசமாத் தெரியல. பயத்துல எல்லாத்தையும் மிதிச்சுட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏங்க தெரியும்னு சொன்னீங்க?"

"அண்ணிக்கு முன்னால வெச்சுக் கேட்டீங்களே" என்றார். "ஆம்பளை, தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்: "இவ்வளவு பயந்தவரு காருக்குக் காவலாவே இருந்திருக்கலாமே? உங்களை எதுக்கு அந்தம்மா கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போறாங்க?"

"நானும் சாட்சிங்க. காய்ச்சல்ல கெடந்த அண்ணனுக்கு அந்த வாரம் பூராக் கஞ்சி ஊத்துனது நான்தான்."

"யாரு பக்கம் சாட்சி?"

"அண்ணி பக்கந்தானுங்க."

"சொந்த மச்சானுக்கு எதிராவா?"

"ஆமாங்க. எங்க ஊட்டுல மூணு நாளா எனக்குச் சோறு போடறதில்லீங்க" என்று சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவர் மடியில் வைத்தேன். உள்ளே என் மனைவி கட்டிக்கொடுத்த பருப்புச் சோறு இருந்தது. சேலம் எல்லைக்குள் நுழையும்போது தூக்கில் ஒரு பருக்கை இல்லை.

கோர்ட்டு வாசலில் காவலாளி குச்சியை நீட்டி மறித்தான். "கரி மூட்டைக்குக் கோர்ட்டுல என்னய்யா வேலை?"

"கரி இல்லைங்க, சாட்சி!" என்று கத்திவிட்டு உள்ளே விட்டேன். கேஸ் புகை வேப்பமரங்களுக்கு நடுவே பரவியது. கறுப்புக் கோட்டு வக்கீல்கள் எல்லோரும் இருமிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். அதே நேரம் வராந்தாவில் கோர்ட்டுச் சேவகனான டவாலி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பழனியம்மா! பழனியம்மா!"

மூன்றாவது முறைக்கு அவன் மூச்சு இழுத்தான். நான் கை நீட்டினேன். பின்னால் கார் பூனைபோல நின்றது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே ஒரு குரல் வந்தது, கிணற்று மேட்டிலிருந்து பக்கத்துக் காட்டுக்குக் கேட்கிற குரல்:

"வந்துட்டேனுங்க!"

டவாலி வாயைத் திறந்தபடி நின்றான். பழனியம்மாள் இறங்கி, சேலையைச் சரிசெய்து, மஞ்சள் பையோடு படியேறினார். எதிராளி வராந்தா ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கரியை இறக்கக் காத்திருப்பார்கள் என்று தெரிந்தும் நான் போகவில்லை. ஜன்னலோரம் நின்று கேட்டேன். அந்த அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லி இறங்கினார். அடுத்துச் சின்னச்சாமி கூண்டில் ஏறினார். எதிர் வக்கீல் மிரட்டினார். உன் மனைவி வீட்டுக்கே துரோகம் செய்கிறாயே என்றார், பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை தெரியுமா என்றார். பாலத்தில் கை ஐஸ்கட்டியாக இருந்த அதே மனிதர் கூண்டுக் கட்டையைக்கூடப் பிடிக்காமல் நின்றார். "எங்கண்ணன் அன்னிக்குக் கையைத் தூக்கலீங்க. தூக்க முடியலீங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்று ஒவ்வொரு கேள்விக்கும் அதே வார்த்தையை, அதே குரலில் சொன்னார். கடைசியில் வக்கீல்தான் தண்ணீர் குடித்தார்.

கிணறு அந்த அம்மாவுக்கே என்று சில மாதம் கழித்துத் தீர்ப்பானது. கரி ஏற்றப் போனபோது சேந்தமங்கலத்தில் கேள்விப்பட்டேன். சின்னச்சாமிக்கு அவர் வீட்டில் மறுபடி சோறு போட ஆரம்பித்திருந்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

இதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஊசி விஷயம் உங்களுக்கே புரிந்திருக்கும். இன்னொருவன்மேல் கோபமாக இருக்கும்போது பூட்டுகிற வேலையைச் செய்யாதீர்கள், செய்தால் இன்னொரு முறை பாருங்கள். அதைவிடப் பெரியது மற்றது. கார் ஓட்டத் தெரியும் என்று அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாத இடத்தில் வைத்து நான் கேட்டேன் என்பதுதான் உண்மை.

அதன்பிறகு ஸ்டியரிங்கில் உட்காரப் போகிற ஆளை, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், "கொஞ்சம் இப்படி வாங்க" என்று பத்தடி தள்ளிக் கூட்டிப்போய்த்தான் கேட்பேன். மனைவி காதில் விழாது, மாமனார் காதில் விழாது. தோளில் கை போட்டுக்கொண்டு, மெதுவாக, "நிஜமாத் தெரியுமாங்க?" என்பேன். எத்தனையோ பேர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தெரியாதுங்க" என்று காதோடு சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் பத்திரமாக வீடு சேர்த்திருக்கிறேன்.